மூச்சுக்குழாய் மேல் ஒரு சட்டி

அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரில் கரிக்கட்டியால் ஐந்து பெயர்களை எழுதி வைத்தேன். ட்ராப், மேன்ஹோல், செப்டிக் டாங்க், வென்ட் பைப், கௌல். முதல் நான்கும் நிஜம். ஐந்தாவதும் உலகத்தில் இல்லாத பொருள் அல்ல. வென்ட் பைப்பின் வாயில் காக்கை கூடு வைக்காமல் இருக்கக் கம்பிவலையில் ஒரு தொப்பி போடுவார்கள், அதற்குத்தான் கௌல் என்று பெயர். அக்கா வீட்டுக் கூரையில் இருந்தது அது அல்ல. அது என் பயம். பயத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் தேவைப்பட்டது, வைத்தேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, வயசாகிவிட்டது. அப்போது எனக்கு முப்பது வயது. கொழும்பில் ஒரு காண்டிராக்டரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். பங்களாக்களுக்குக் கழிவுக்குழாய் போடுகிற வேலை. கேட்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். உண்மையில் கை அழுக்காகாத வேலை அது, குழாயில் கழிவு வருவதற்கு முன்பே நாங்கள் அடுத்த பங்களாவுக்குப் போய்விடுவோம். ஒரே ஒரு முறைதான் ஒரு பழைய தொட்டியைத் திறக்க வேண்டி வந்தது. நல்ல வெயில் நேரம். மூடியை நகர்த்தியதும் ஒருவன் ஏணி வைத்து இறங்கினான். நாலு படி இறங்கினான், ஐந்தாவது படியில் கையை விட்டுவிட்டான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கினான். அவனும் வரவில்லை. மூன்றாவதாக இறங்க வேண்டியவன் நான். நான் இறங்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

மேஸ்திரி பிறகு எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பீர்கள், அப்புறம் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார். இது எனக்கு மனதில் பதிந்தது. அதே அளவுக்கு இன்னொன்றும் பதிந்தது. முந்தின நாள் அந்தப் பங்களாவுக்கு வந்த ஒருவர் எங்கள் வேலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேர்த்தியாக யாரும் செய்து பார்த்ததில்லை என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த இரண்டு பேரையும் கொன்றது காற்றா, அந்தக் கண்ணா என்பது எனக்குள் தீராத வழக்காகவே இருந்தது. இப்படி ஒரு வழக்கு எனக்குள் நடப்பது தெரிந்திருந்தால் அப்பா என்னை வீட்டில் சேர்த்திருக்க மாட்டார். அவர் சபையில் உபதேசியார். கண்ணேறு, செய்வினை, கழிப்பு எல்லாம் இருட்டில் இருக்கிறவர்களுடைய காரியம் என்று ஞாயிறு தவறாமல் சொல்லி ஊரையே திருத்தியவர்.

அக்காவை நெய்யூருக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்குக் கயிறு வியாபாரம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அக்காவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. மூன்றாவது முறை தங்கியபோது அத்தான் ஒரு முடிவெடுத்தார். வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் தென்னந்தோப்புக்குள் வழுக்கி விழுந்து இன்னொன்றையும் இழக்க முடியாது, வீட்டை ஒட்டியே கக்கூஸ் கட்டிவிடு என்று எனக்குச் சொல்லியனுப்பினார். அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று எந்த வீட்டிலும் இல்லை. படுக்கும் அறைக்கு அடுத்த அறையில் கக்கூஸ் என்றால் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் முதல் பாயில் உட்காருகிற, எதையும் முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் விடாத அம்மாள் அவர்.

"மக்கா, இதுக்கு ஒவ்வொண்ணுக்கும் என்ன பேரு, என்ன சோலின்னு எனக்குச் சொல்லு. எனக்க வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாம ஒண்ணும் இருக்கப்பிடாது" என்றார்.

அதற்காகத்தான் சுவரில் எழுதினேன். வேலை பார்த்த கொத்தனாரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார். ட்ராப் என்பது குழாயில் உள்ள வளைவு. அந்த வளைவில் எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும். நாம் ஊற்றுகிற தண்ணீர் அதைத் தாண்டிப் போய்விடும், உள்ளே இருக்கிற கெட்ட காற்று அதைத் தாண்டி வராது. தண்ணீரால் போட்ட பூட்டு என்றேன். மேன்ஹோல், குழாயில் அடைப்பு வந்தால் திறந்து பார்க்கிற குழி. செப்டிக் டாங்க், கழிவெல்லாம் போய்ச் சேர்ந்து மக்குகிற தொட்டி. வென்ட் பைப், சுவரோடு ஏறிக் கூரைக்கு மேலே நிற்கிற குழாய். இது எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டார். அத்தை, தொட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீர் போனால் ஒரு வாளிக் காற்று வெளியே வந்தாக வேண்டும், அது போகிற வழி இதுதான், இந்த வழி அடைபட்டால் காற்று பூட்டை உடைத்துக்கொண்டு அறைக்குள் வரும் என்றேன். வீட்டுக்கு இது மூச்சுக்குழாய் என்றும் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

சித்திரையில், புதுப்பித்த வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் நடந்தது. ஜெபத்துக்கு வந்தவர்களைவிடக் கக்கூஸ் பார்க்க வந்தவர்கள் அதிகம். வரிசையில் நின்று, சுவரில் உயர மாட்டிய தண்ணீர்த் தொட்டியின் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். தொட்டித் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்குவதைப் பார்த்து ஒருத்தி கன்னத்தில் கை வைத்து, "எனக்க தெய்வமே, ராசா கொட்டாரத்துலகூட இப்பிடி இருக்குமா!" என்றாள். கொழும்பில் கேட்ட அதே மாதிரிப் பாராட்டு. அவள் பார்வை அங்கிருந்து நகர்ந்து அக்காவின் ஏழு மாத வயிற்றில் போய் நின்றது. "இதுவாவது தங்கட்டு" என்று வேறு சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்று சாயங்காலம் சங்கிலி அறுந்தது. எத்தனை பேர் இழுத்தார்கள், அறாமல் என்ன செய்யும் என்று அத்தான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொழும்புத் தொட்டியின் விளிம்பு கையில் தட்டுப்பட்டது மாதிரி இருந்தது.

சபையைச் சேராதவர்கள் புது வீடு கட்டினால் ஒரு சட்டிக்குச் சுண்ணாம்பு பூசி, கரும்புள்ளி குத்தி, உயரமான இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். வருகிற கண் முதலில் அதில் விழும், அதோடு போய்விடும். உபதேசியார் மகளின் வீட்டில் அதைச் செய்ய முடியுமா? நான் திங்கள் சந்தையில் ஒரு சின்னச் சட்டி வாங்கினேன். வெளியே ஒன்றும் செய்யவில்லை, சாதாரணச் சட்டி. உள்பக்கம் சுண்ணாம்பு பூசி, கரியைக் குழைத்து ஒன்பது புள்ளி வைத்தேன். கண் உள்ளே எப்படிப் போய்ப் பார்க்கும் என்று யோசிக்கவில்லை. பயம் இருக்கிற இடத்தில் யோசனைக்கு இடமில்லை. வீட்டில் உயரமான இடம் வென்ட் பைப்பின் உச்சிதான். ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஏணி வைத்து ஏறி, குழாய் விளிம்பில் மூன்று தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளை வைத்து, காற்றுப் போக வழி விட்டு, அதன்மேல் சட்டியைக் கவிழ்த்துக் கம்பியால் தளரக் கட்டினேன். அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும்.

இறங்கும்போது அக்காவின் மாமியார் கீழே நின்றிருந்தார்.

"அது என்னது மக்கா, சட்டி?"

"கௌல், அத்தை" என்றேன். "காக்கா வராம இருக்க. கொழும்புல எல்லா வீட்டுலயும் உண்டு."

அவர் உள்ளே போய்க் கரிக்கட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். ஐந்தாவது பெயரை எழுதினேன்.

ஆனி மாதம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்ததற்கு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன், சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டேன். கடல்காற்று தொடங்கியிருந்தது. அந்தக் காற்றில் சட்டி குழாயில் மோதி லொடக் லொடக்கென்று ஓசை எழுப்பியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், யாராவது மேலே ஏறிப் பார்த்து உள்ளே இருக்கிற புள்ளிகளைக் கண்டுவிடுவார்களோ என்று எனக்குத் திடுக் திடுக்கென்றிருக்கும். பிறகு நாகர்கோவிலில் ஒரு வேலை வந்தது. பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன்.

திரும்பி வந்தது ஒரு முற்பகல். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அத்தான் சரக்கோடு ஆலப்புழை போயிருந்தார். முற்றத்தில் கொத்தனார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்து எழுந்தார். என்னை ஓவர்சியர் என்றுதான் கூப்பிடுவார்.

"ஓவர்சியரே, பிள்ளைக்கு சொகமில்ல. ரெண்டு நாளா பால் குடிக்கல்ல. ஆசுத்திரிக்குப் போக வண்டி கெட்டிட்டு வர ஆள் போயிருக்கு."

நான் அறைக் கதவைத் தள்ளினேன். ஜன்னல்கள் அடைத்திருந்தன, இடுக்குகளில் பழந்துணி திணித்திருந்தது. பெற்றவளுக்குக் காற்றுப் பட்டால் சன்னி வரும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். உள்ளே சாம்பிராணிப் புகை. புகைக்கு அடியில், ஒரே ஒரு மூச்சு அளவுக்கு, அந்த முட்டை நாற்றம் என் மூக்கில் ஏறியது. என் கால் இரண்டும் வாசலிலேயே நின்றுவிட்டன.

"உள்ள வாலே" என்றாள் அக்கா. முகம் வெளிறிக் கிடந்தாள். "தலையைத் தூக்க முடியல்ல. பிள்ளை முழிக்கவே மாட்டேங்குது."

"நாத்தம் அடிக்கா அக்கா?"

"முந்தி அடிச்சுது. இப்ப இல்ல."

அந்த வார்த்தை போதும். மேஸ்திரி சொன்னது அப்படியே அக்கா வாயிலிருந்து வருகிறது. குழந்தையின் மார்பைப் பார்த்தேன். அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தபோது மெல்ல ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்தது வருவதற்குள் நான் பத்து முறை செத்தேன்.

"பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வா. இப்பமே வா" என்றேன்.

மாமியார் குறுக்கே வந்தார். "பிறந்து மாசம் ஆகல்ல, இந்தக் காத்துல கொண்டு போறதா? உனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? பூட்டுல தண்ணி இருக்கான்னு நான் தெனமும் பாக்கியேன். குறைஞ்சா செம்புல கோரி ஊத்தியேன். நீ எழுதினது எல்லாம் எனக்கு மனப்பாடம்."

"தெனமும் குறையுதா?"

"ஆமா. சங்கிலிய இழுத்தா கொளகொளான்னு கொதிக்கும். பெறவு குறையும்."

பூட்டு உடைந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை சங்கிலியை இழுக்கும்போதும் தொட்டிக் காற்று வழி கிடைக்காமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இந்த அறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. இது எனக்கு விளங்கிவிட்டது. ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. நான் அக்காவைப் பார்த்து, "கொழும்புல ரெண்டு பேர் இந்தக் காத்துலதான் செத்தானுவ, நான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றேன். அதற்குமுன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அக்கா உடனே சுவரைப் பிடித்து எழுந்தாள், குழந்தையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டாள், மாமியாரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்ப் பலாமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் பயப்படாத பிறவி ஒன்று எங்கள் வீட்டில் உண்டென்றால் அது அவள்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கொத்தனாரும் நானும் மேன்ஹோலைத் திறந்தோம். நான் மூன்று அடி தள்ளியே நின்றேன். வேலைக்காரப் பெண்ணைச் சங்கிலியை இழுக்கச் சொன்னேன். தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. குழாயில் அடைப்பு இல்லை. அப்படியென்றால் மேலே. நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். தென்னை ஓலைகள் கிழிகிற மாதிரிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சட்டி அசையாமல் இருந்தது.

"கௌல் சத்தம் கேக்கல்லியே" என்றேன்.

கொத்தனார் முகம் மலர்ந்தது. "எப்பிடிக் கேக்கும்? பிள்ளை ஒறக்கம் கெடுதுன்னு அம்மா சொன்னாவ. ஏறிப் பாத்தேன், லொடலொடன்னு கெடந்துது. சட்டிக்கும் குழாய்க்கும் எடையில சுத்திச் சாந்து வச்சுப் பூசிட்டேன். இனி எந்தக் காத்துக்கும் ஆடாது. நீரு இருந்தா நீரும் இதைத்தான் செய்வீரு."

அவர்மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. கௌல் என்றால் குழாயோடு இருக்க வேண்டிய உறுப்பு, உறுப்பு ஆடினால் கொத்தனார் இறுக்குவார். பொய்யைச் சுவரில் எழுதிப் படிக்க வைத்தவன் நான். சட்டியை எடுக்கச் சொன்னால் புள்ளி தெரியும், அப்பாவுக்குத் தெரியும், சபைக்குத் தெரியும். இந்த நினைப்பும் எனக்கு வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மரத்தடியில் ஒரு குழந்தை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஏணியின் முதல் படியில் காலை வைத்துக்கொண்டு, நான் என் மானத்தைப் பற்றி யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக எனக்கு இன்றும் என்மேல் அருவருப்பு உண்டு.

பிறகு ஏறினேன். நாலு படி. ஐந்தாவது படியில் கொழும்பு ஏணி நினைவுக்கு வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். கீழேயிருந்து அக்கா, "ஏறுலே!" என்று கத்தினாள். ஏறினேன். ஓட்டின்மேல் தவழ்ந்து போய், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் அடித்தேன். முதல் அடியில் விரிசல். இரண்டாவது அடியில் சட்டி உடைந்தது. புஸ்ஸென்று ஒரு சூடான காற்று என் காதை உரசிக்கொண்டு போனது. துண்டுகள் ஓட்டில் உருண்டு முற்றத்தில் விழுந்தன. எல்லாத் துண்டும் கவிழ்ந்து விழுந்திருக்கலாம், எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பில் கரும்புள்ளிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

கொத்தனார் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே வைத்தார். அக்காவின் மாமியார் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டார்.

"கௌலுக்கு உள்ள என்னலே புள்ளி?" என்றார்.

நான் ஓட்டின்மேல் உட்கார்ந்து அழுதேன். முப்பது வயது ஆள், கூரையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க அழுதேன். அந்த அம்மாள் துண்டுகளோடு பின்பக்கம் போனார். கிணற்றடிக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

வண்டி வருவதற்குள் குழந்தை இரண்டு முறை தும்மியது. காற்றில் அதன் முகம் சிவந்தது. மெதுவாக வாயைத் திறந்து, பூனைக்குட்டியின் குரலில் அழுதது. அக்கா சேலையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். குடிக்கிற சத்தம் எனக்கு ஏணியின் அடியில் கேட்டது. அதன்பிறகும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நாலைந்து நாள் பார்த்துக்கொள்ளுங்கள், முதலில் அந்த ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்றார். அந்த நாலைந்து நாளும் நான் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. குழந்தை தூங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து மார்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாமியார் என்னிடம் பேசவில்லை. என் அப்பா ஒருமுறை வந்து குழந்தைக்கு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார், அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் ஐந்தாவது பெயர் மட்டும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருந்தது.

ஆறாம் நாள் குழந்தை காலை உதைத்து விளையாடியது. முதல்முறையாக அதைத் தொடத் தைரியம் வந்து காலைப் பிடித்தேன். இடது உள்ளங்காலில், யாரும் பார்க்காத இடத்தில், கரியைக் குழைத்து வைத்த ஒரு வட்டப் புள்ளி.

அக்கா என் கையிலிருந்து காலை இழுத்துத் துணிக்குள் மூடினாள். அவள் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

"பிறந்த அண்ணைக்கே நான்தான் வச்சேன்" என்றாள் மெதுவாக. "ஒரே ஒரு தடவதான் வச்சேன்லே. பிள்ளைய தெனமும் குளிப்பாட்டது அத்தைதான். தேச்சுத்தான் குளிப்பாட்டுதாவ, துணி சுத்தித்தான் எனக்க கையில தருதாவ. ஆனா அது அழியவே மாட்டேங்குது."

சமையலறையில் அந்த அம்மாள் சத்தமாக வேதாகமச் சங்கீதம் சொல்லிக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தார். நான் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து அந்தக் காலை மூடினேன். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் புள்ளி வைத்திருக்கிறோம். அதில் என்னுடையது மட்டும்தான் அந்தக் குழந்தையின் மூச்சை அடைத்தது.